வாய் மூடிய நீர்யானை

தேவாவிடம் இரண்டு நீர்யானைகள் இருந்தன. ஒன்று நீலம், ஆண். இன்னொன்று ரோஸ், பெண். துணிக்குள் ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த உடுப்புகள்தான். உள்ளே ஓர் ஆள் நுழைந்துகொண்டால் நீர்யானை நடக்கும், ஆடும், மண்டப வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுக்கும். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் பலூன், ஸ்பீக்கர், இந்த நீர்யானைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தேவாவின் வேன் கிளம்பிவிடும்.

நீலத்துக்குள் ராஜவேல் போவான். ரோஸுக்குள் ஞானமேரி.

டிவியில் மத்தியான வேளைகளில் ஓடிய ஒரு பழைய வெளிநாட்டுக் கார்ட்டூனிலிருந்து தேவா பிடித்துப்போட்ட ஜோடி அது. நீல நீர்யானைக்குப் பெயர் பூகா. ஒவ்வொரு கதையிலும் பூகா ஓடம் ஏறி ஆற்றைத் தாண்டிப் போவான், முதலையை உதைப்பான், தலைமேல் பழக்குலையோடு திரும்பி வருவான். ரோஸ் நீர்யானை ஏப்ரன் கட்டிக்கொண்டு கரையிலேயே நிற்கும். அவன் போகும்போது கண்ணைத் துடைக்கும். அவன் வரும்போது அதன் தலைக்கு மேலே இதயம் இதயமாகக் கிளம்பும். அதோடு அதற்கு வேலை முடிந்தது. அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. பிள்ளைகள்தான் 'பூகா பொண்டாட்டி' என்று கூப்பிட்டார்கள். நீர்யானைக்கு இடுப்பு எங்கே இருக்கிறது என்று வரைந்தவனைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் அதற்கு இடுப்பு இருந்தது, ஹீல்ஸ் செருப்பும் இருந்தது.

உடுப்பைத் தைத்தவனும் கார்ட்டூனைப் பார்த்துத்தான் தைத்திருந்தான். பூகாவுக்கு வாய் 'ஆ'வென்று திறந்திருக்கும். வாய்க்குள் கறுப்பு வலை. உள்ளே இருக்கிற ஆள் அதன் வழியாகப் பார்க்கலாம், மூச்சு விடலாம். ரோஸ் நீர்யானையின் வாய் ஒரு பொட்டு அளவு. லிப்ஸ்டிக் பூசி மூடியிருக்கும். கண்ணும் வெட்கத்தில் மூடித்தான் இருக்கும், மேலே துடைப்பக் குச்சி மாதிரி இமைமயிர். நீர்யானைக்கு அடையாளமே வாய்தான். பொம்பளை என்றதும் அதையும் மூடிவிட்டார்கள்.

ஆக, ரோஸுக்குள் போனால் கண் தெரியாது. கழுத்தோரம் இருக்கிற சந்தில் கீழே பார்த்தால் தரை தெரியும், எதிரில் நிற்பவர்களின் கால் தெரியும். அவ்வளவுதான். ராஜவேல்தான் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போவான், கூட்டிவருவான். பார்க்கிறவர்களுக்கு அது காதல் மாதிரி இருக்கும்.

கால்களை வைத்தே ஞானமேரி ஆட்களைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். லைட் எரிகிற ஷூ போட்ட பையன்கள் அவளைத் தாண்டி நீலத்திடம் ஓடுவார்கள், பூகாவின் வயிற்றில் குத்துவார்கள். குத்துவதற்குத்தான் பூகா. கொலுசு போட்ட கால்கள் ரோஸ் பக்கம் வரும். வந்து கட்டிப்பிடிக்கும். முகம் தெரியாத பிள்ளைகள் அவள் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். முதல் தடவை உள்ளே அழுதுவிட்டாள். நீர்யானைக்குள் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. துடைக்க முடியாது என்பதுதான் கஷ்டம்.

தேவாவின் சட்டங்கள் மூன்றே மூன்று. வாயைத் திறந்து பேசக் கூடாது. பிள்ளைகள் எது கேட்டாலும் நீலம் கட்டைவிரலைத் தூக்க வேண்டும், ரோஸ் 'ஆமாம்' என்று தலையை ஆட்ட வேண்டும். யாராவது கட்டிப்பிடித்தால் பதிலுக்குக் கட்டிப்பிடிக்க வேண்டும்.

ஞானமேரி பிறந்தது மரக்காணத்து உப்பளத்தை ஒட்டின தெருவில். கட்டிக்கொடுத்தது பெரிய முதலியார்சாவடியில், சார்லஸ் என்கிற பெயின்ட் வேலைக்காரனுக்கு. பெண் பிறந்து நடக்க ஆரம்பித்த சமயம், கட்டிக்கொண்டிருந்த வீடு மேல்தளம் போடாமல் நின்றுபோனது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் பெண்களைத்தான் எடுக்கிறார்கள் என்று ஏஜென்ட் சொன்னான். சார்லஸ், அவன் தங்கை ஜான்சி, மாமனார் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். ஞானமேரி டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரை எடுக்க வரும்போது அவள் குவைத்துக்குப் போவது முடிவாகியிருந்தது.

ஐந்தாறு வருஷம் அங்கே கிடந்தாள். அடுத்தவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள், அடுத்தவள் பிள்ளைக்கு ஷூ மாட்டினாள். முதலில் வீடியோ காலில் மகள் வந்தாள். பிறகு "தூங்குறா அண்ணி" என்றாள் ஜான்சி. பிறகு "படிக்கிறா." பிறகு ஃபோனையே எடுக்கவில்லை.

ஓர் ஆண் அப்படிப் போய்விட்டுத் திரும்பியிருந்தால் ஏர்போர்ட்டுக்கு வேன் வைத்துப் போயிருப்பார்கள். இவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி வந்தாள். வீட்டுக்கு மேல்தளம் இருந்தது. கீழே சார்லஸ் இல்லை. கோட்டக்குப்பம் பக்கம் இன்னொருத்தியோடு இருந்தான். மகள் ஜெயப்ரியா ஜான்சி வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். ஜான்சியின் நைட்டியைப் பிடித்துக்கொண்டு, "மம்மி, யாரு இவங்க?" என்று கேட்டாள்.

"ஊர்லருந்து வந்திருக்குற ஆன்ட்டி" என்றாள் ஜான்சி.

பிறகு பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே கூட்டிப்போனாள்.

"கோச்சிக்காத அண்ணி. புள்ளையக் கொழப்ப வேணாம். நீ பொம்பளையா இருந்து புள்ளைய உட்டுட்டுப் போயிட்ட."

"நீயும் உங்கண்ணனும்தானே ஜான்சி அனுப்பி வெச்சீங்க?"

"அனுப்பி வெச்சா போயிடறதா?"

ஞானமேரி கல்லின் மேலிருந்த சோப்பு நுரையைக் கையால் வழித்துவிட்டாள்.

"புதுநன்மை முடியட்டும். அதுக்குள்ள அவளுக்கும் கொஞ்சம் வெவரம் வந்துரும். நானே எடுத்துச் சொல்லி உன்கிட்ட அனுப்புறேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராத. வந்தீன்னா அவளும் அழுவா, நானும் அழுவேன்."

ஞானமேரி ஒத்துக்கொண்டாள். கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள்தான் புதுநன்மை. அதற்கு எப்படியும் பெற்றவளைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தாள். மரக்காணத்துக்கு வந்து ஒரு ரூம் எடுத்தாள். விடிவதற்கு முன் உப்பளத்துக்குப் போய், வாரிக் குவித்த உப்பைக் கூடையில் தூக்கிக் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவாள். வெயில் ஏறியதும் வந்து குளித்துச் சோறு பொங்குவாள். ஓர் ஆளுக்குப் பொங்குவதில் அவளுக்கு இன்னும் கைக்கணக்கு வரவில்லை. தினமும் மீந்தது. ஆர்டர் இருக்கிற நாட்களில் தேவாவின் வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கும்.

மே மாதம் ஒரு சாயங்காலம், தேவாவின் ஷெட்டில் பலூன் ஊதிக்கொண்டிருந்தாள். தேவா ஃபோனை வைத்துவிட்டு வந்தான்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம் பெரிய முதலியார்சாவடி. புதுநன்மை பார்ட்டி. உங்க கோயில் ஆளுங்கதான்."

"யாரு வூட்டுது?"

"ஜான்சின்னு ஒரு அம்மா பேசிச்சு. பொண்ணு பேரு ஜெயப்ரியா. பலூன் ஆர்ச்சுல பேரு வேணுமாம். வெள்ளையும் ரோஸும்."

ஞானமேரி வாயிலிருந்த பலூனை விடவில்லை. கடைசி மூச்சையும் ஊதி, முடிச்சுப் போட்டு, குவியலில் போட்டாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஃபோன் நம்பரும் மாறவில்லை. ரூமும் மாறவில்லை.

வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடலாம். அல்லது ரோஸுக்குள் புகுந்துகொண்டு போகலாம். போனால் மகள் வந்து கட்டிப்பிடித்தாலும் பிடிப்பாள். ஆனால் என்ன தெரியும்? ஷூ தெரியும். பெற்ற மகளின் புதுநன்மைக்குப் போய் ஷூவைப் பார்த்துவிட்டு வருவதா? திரும்பி வந்ததிலிருந்து ஒரே ஒரு தடவை பார்த்த முகம், அதுவும் நைட்டிக்குப் பின்னால் பாதி. அந்த முகத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஆட்டோ ஸ்டாண்டில் ராஜவேலைத் தனியாகக் கூப்பிட்டாள். அவன் டீயோடு வந்தான்.

"ராஜவேலு, ஞாயித்துக்கெழம நான் நீலத்துல வர்றேன். நீ ரோஸ்ல வா."

"இன்னாக்கா, காலங்காத்தால காமெடி பண்ற?"

"நெசமாத்தான் சொல்றேன்."

"பாவாடை போட்டுக்கிட்டு, லிப்ஸ்டிக் பூசிக்கிட்டு, நானு? ஸ்டாண்டுல ஒருத்தனுக்குத் தெரிஞ்சாப் போதும். ஆட்டோவ வித்துட்டு ஊரையே மாத்தணும்."

"உள்ள இருக்குறது யாருன்னு எவனுக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல?"

"இத்தன நாளா நான் உள்ள இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவல."

"நீ பொம்பள."

"டேய், அது நீர்யானைடா."

ராஜவேலுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டவில்லை. ஞானமேரி ஸ்டாண்டைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்.

"அது என் பொண்ணு. நான் இருக்குறதே அதுக்குத் தெரியாது. மொகத்தப் பாக்கணும். ரோஸ்ல வந்தா பாக்க முடியாது."

அவன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான். "பூகா மாதிரி நடக்கத் தெரியுமா உனக்கு?" என்றான்.

தெரியவில்லை. உப்புக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓரடி அகல வரப்பில் நடக்கிற பொம்பளைக்குக் ஒரு காலுக்கு நேரே மறு காலாகத்தான் நடை வரும். ஷெட்டுக்குப் பின்னால் வைத்து ராஜவேல் சொல்லிக்கொடுத்தான். "கால அகட்டு. இன்னும் அகட்டு. நெஞ்சத் தூக்கு. யாராவது எதுக்க வந்தா ஒதுங்காத, அவங்க ஒதுங்கட்டும். இந்த எடமே உன்னுதுன்னு நெனச்சுக்கிட்டு நட."

"எந்த எடம்?"

"எதுவா இருந்தா என்னக்கா? எல்லா எடமும்."

அவளுக்கு அதுதான் வரவில்லை. காலை அகட்டிவிட்டாள். நினைப்பை அகட்ட வரவில்லை.

"யாராண்டயும் மூச்சு விடக் கூடாது" என்றான் ராஜவேல். "நான் செத்தாக்கூட."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் ஹாலுக்கு வர ஆரம்பித்தபோது அவர்கள் இரண்டு பேரும் பின்பக்கம், பிரியாணி அண்டாக்கள் அடுக்கிய ரூமில் உடுப்பு மாற்றிக்கொண்டார்கள். தேவா முன்பக்கம் ஆர்ச்சில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தான். ரோஸ் தலைக்குள்ளிருந்து ராஜவேலின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது.

"அக்கா, ஒண்ணுமே தெரியல."

"தெரியாது. கையக் குடு."

"செருப்பு வேற குத்துது. எப்படி அக்கா நிக்கிற நீ?"

"பேசாத. நீ பொம்பள."

கையைப் பிடித்து அவள் அவனை நடத்திக்கொண்டு போனாள். வாசல் வந்ததும் கறுப்பு வலை வழியாக வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஜனங்களுக்கு முகம் இருந்தது. கண்ணாடி போட்ட முகம், பவுடர் வழிந்த முகம், பசியில் சிடுசிடுக்கிற முகம். கேட்டருகே சார்லஸ் வெள்ளைச் சட்டையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றான். வயிறு போட்டிருந்தான். அவனைப் பார்த்தால் என்னவாவது ஆகும் என்று பயந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஜெயப்ரியா வந்தாள்.

வெள்ளை கவுன், வெள்ளை ஷூ, தலையில் பூ வளையம், அதிலிருந்து தொங்குகிற வலைத்துணி, கையில் அணைந்த மெழுகுவத்தி. நெற்றி சார்லஸுடையது. முன்பல் ஒன்று பாதிதான் முளைத்திருந்தது. இடது புருவம் மட்டும் லேசாகத் தூக்கியிருந்தது, யாரோ சொன்னதை நம்பாத மாதிரி. அந்தப் புருவத்தை ஞானமேரி கண்ணாடியில் தினமும் பார்க்கிறாள். பூ வளையத்தில் ஒரு ஊசிகூட வெளியே தெரியாமல் குத்தியிருந்தது. ஜான்சி நன்றாகத்தான் செய்திருந்தாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"போ போ, ரோஸ் பொம்மைகிட்ட நில்லு. போட்டோ எடுக்கணும்" என்று ஜான்சி பின்னாலிருந்து தள்ளினாள்.

ஜெயப்ரியா ரோஸைக் கட்டிப்பிடித்தாள். கேமராக்காரன் எடுத்து முடித்த பிறகும் விடவில்லை. நுனிக்காலில் எம்பி, அதன் தலையைக் கீழே இழுத்து, காதில் வாயை வைத்து என்னவோ சொன்னாள். ரோஸ் தலையை ஆட்டியது. அவள் மறுபடி எம்பி இன்னும் என்னவோ கேட்டாள். ரோஸ் மறுபடி ஆட்டியது. பாதிப்பல் தெரியச் சிரித்துவிட்டு ஓடினாள்.

கையெட்டும் தூரத்தில் நின்று ஞானமேரி எல்லாவற்றையும் பார்த்தாள். காதில் சொன்னது மட்டும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. காதைச் சுற்றி நாலு விரல் ஸ்பாஞ்ச், அதற்கு மேல் தேவாவின் ஸ்பீக்கர்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஆட்டம். தேவா மைக்கைப் பிடித்தான். "நம்ம பூகா ஆத்தத் தாண்டிப் போறான்! பூகா பொண்டாட்டி கண்ணத் தொடைக்கிறா பாருங்க! எல்லாரும் டாட்டா சொல்லுங்க!" மேடையில் ராஜவேல் எந்தப் பக்கம் ஜனம் இருக்கிறதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தான். ஹாலே சிரித்தது. ஞானமேரி காலை அகட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். மேஜைகளுக்கு நடுவே நடந்தாள். ஜனங்கள் நாற்காலியை இழுத்து வழி விட்டார்கள். நிஜமாகவே ஒதுங்கினார்கள்.

ஜெயப்ரியா இருந்த மேஜைக்கு வந்ததும் ஜான்சியின் பையன் எழுந்து பூகாவின் வயிற்றில் ஒரு குத்து விட்டான். ஞானமேரி கட்டைவிரலைத் தூக்கினாள். இன்னொரு குத்து. மறுபடி விரல்.

"நானும் குத்தட்டுமா?" என்றாள் ஜெயப்ரியா.

"நீ கேர்ள். உனக்கு ரோஸ்" என்றான் பையன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை, பூகாவைத்தான் பார்த்தாள். ஞானமேரி இரண்டு கட்டைவிரலையும் தூக்கினாள்.

குத்து நன்றாகவே விழுந்தது. வலைத்துணி சரிகிற மாதிரி, முஷ்டியை மடக்கி, கையைப் பின்னால் இழுத்துக் குத்தினாள். ஸ்பாஞ்சைத் தாண்டி அடிவயிற்றில் இறங்கியது, பூகா குனிந்துவிட்டான். "ம்க்" என்று ஒரு சத்தம் ஞானமேரியை மீறி வெளியே வந்துவிட்டது.

ஜெயப்ரியா நின்றாள். கிட்டே வந்து பூகாவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் மகளின் முகம். மூச்சில் பெப்பர்மின்ட் வாசனை.

"அங்கிள், வலிச்சுதா?"

பூகா தலையை இல்லை என்று ஆட்டினான்.

"சாரி அங்கிள். உள்ள ரொம்ப வேர்க்குதா? கண்ணு மட்டும் தெரியுது."

அதற்கு எந்த விரலைத் தூக்குவது? ஞானமேரி எதையும் தூக்கவில்லை. ஜெயப்ரியா மேஜையிலிருந்து தன் மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை எடுத்தாள். ஸ்ட்ராவை வலையின் ஓட்டையில் நுழைத்து உள்ளே தள்ளினாள். "குடிங்க அங்கிள். யாருக்கும் தெரியாது."

ஞானமேரி குடித்தாள். பாக்கெட்டைப் பிடித்திருந்த விரல்களில் நகம் வெட்டியிருந்தது. ஆள்காட்டி விரலில் இங்க் கறை. இரண்டு நீலக் கைகளும் தன்னால் மேலே எழும்பின. மகளைச் சுற்றிப் போக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

"ப்ரியா!"

ஜான்சி வந்து பிள்ளையின் தோளைப் பிடித்து இழுத்தாள். ஸ்ட்ரா வலையிலேயே தொங்கியது.

"இங்க வா. உள்ள இருக்குறது யாரோ ஆம்பள. ஆம்பளைங்ககிட்ட இப்படி ஒட்டிக்கிட்டு நிக்காதன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்? போறதா இருந்தா அந்த ரோஸ்கிட்ட போ. அதுலதான் பொம்பள இருக்கும்." பிறகு பூகாவின் பக்கம் திரும்பினாள். "ஏம்பா, கைய ஓரமா வெச்சுக்க. பொம்பளப் புள்ளைங்க இருக்குற எடம்."

ஜான்சி சொன்னதில் தப்பில்லை. பெண்பிள்ளையை வளர்க்கிறவள் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஞானமேரி வளர்த்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள், இன்னும் கொஞ்சம் காரமாக. ஒரு சொல் பேசினால் போதும், உள்ளே இருப்பது ஆம்பளை இல்லை என்று தெரிந்துவிடும். யாரென்றும் தெரிந்துவிடும். பூகாவின் வாய் திறந்துதான் இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷம் ஜான்சி கத்துவாள், கேட்டிலிருந்து சார்லஸ் வருவான், வெள்ளை கவுனோடு பிள்ளை நடுவில் நிற்கும். புதுநன்மை என்றால் வாழ்நாள் முழுக்க அதற்கு அந்தச் சண்டைதான் ஞாபகம் வரும்.

ஞானமேரி கைகளைக் கீழே இறக்கினாள். ஜான்சிக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"பூகா திரும்பி வந்துட்டான்! எல்லாரும் பெருசா கைதட்டுங்க!" என்று தேவா கத்தினான். அவள் மேடை ஏறும்போது ஹால் முழுக்கக் கைதட்டியது. வெளியூர் போய்த் திரும்பி வந்ததற்காக யாரும் அவளுக்குக் கைதட்டியதில்லை. ராஜவேல் சந்தோஷத்தில் குதிக்க வேண்டிய இடம். குதித்தான், ஹீல்ஸ் மடங்கி அவள் மேலேயே விழுந்தான். அதற்கும் கைதட்டினார்கள்.

திரும்பும்போது தேவா வேனை ஓட்டினான். பின்னால் ஸ்பீக்கர்களுக்கு நடுவே அவர்கள் இரண்டு பேரும், மடியில் ஆளுக்கொரு தலையும். ராஜவேல் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மொகத்தப் பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"ஒரு புருவம் தூக்கியிருக்கு." பிறகு, "என்னய அங்கிள்னு கூப்புட்டா" என்றாள்.

ராஜவேல் சிரிக்கவா வேண்டாமா என்று அவளைப் பார்த்தான். அவள் சிரிக்காததால் அவனும் சிரிக்கவில்லை.

"உன் காதுல என்னடா சொன்னா?"

"யாரு?"

"வெள்ள ஷூ. உன்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாளே."

"அதுவா? ஆமாக்கா, சொல்லிச்சு. என்னன்னு கேக்கல. காது முழுக்க ஸ்பாஞ்சு. ஏதோ கேட்டுச்சு, குரலு தூக்கலா முடிஞ்சுது."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நெசமாத் தெரியலக்கா."

"ரெண்டு வாட்டி கேட்டா. ரெண்டு வாட்டியும் தலைய ஆட்டினியே?"

"எது கேட்டாலும் ஆட்டணும்ல? அதானே தேவா ரூலு." அவன் ரோஸ் தலையின் இமைமயிரை விரலால் நீவினான். "பதிலுக்குக் கட்டிப் புடிக்கணும்னும் சொல்லியிருக்கான். அத நான் பண்ணல. கையத் தூக்கிட்டு அப்படியே நின்னேன். என்ன இருந்தாலும் நான் ஆம்பளயாச்சே. யாரு பெத்த பொண்ணுன்னு உள்ளருந்து எனக்கென்ன தெரியும்?"

ஆக, இன்றைக்கு அந்தப் பிள்ளையை யாருமே கட்டிக்கொள்ளவில்லை. வேன் உப்பளத்தை ஒட்டி வந்தபோது ராஜவேல் ரோஸ் தலையை அவள் பக்கம் நீட்டினான்.

"இத்தன நாளா இதுக்குள்ள எப்படிக்கா இருந்த? யாரோ வர்றாங்க, புடிக்கிறாங்க, போறாங்க. ஒருத்தர் மொகமும் தெரியல. நான் ஒரு நாளே செத்துட்டேன்."

"பழகிடும்" என்று வாங்கிக்கொண்டாள்.

ரூமுக்கு வந்து சோறு பொங்கினாள். வழக்கம்போல மீந்தது.

மறுநாள் விடியலில் உப்புப் பாத்தியில் இறங்கினாள். கால் எரிந்தது. அடிவயிற்றில் குத்து வாங்கின இடமும் லேசாக வலித்தது. கூடை நிறைகிற வரைக்கும் அதைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றாள். என்ன கேட்டிருப்பாள்? பேர் என்ன என்று கேட்டால் தலையை ஆட்டியதும் சிரிக்க மாட்டாள். நாளைக்கும் வருவாயா என்று கேட்டாளா? என் கூடவே இருப்பாயா? பூகா திரும்பி வருவானா என்றா? பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் கேட்கும். ஆனால் இரண்டு தடவை கேட்டாள். முதல் தடவை ஆமாம் என்று சொன்னதை நம்பாமல், அந்தப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி கேட்டாள். இரண்டு தடவையும் ஆமாம் என்று சொல்லியாகிவிட்டது. அந்த உடுப்புக்குள் இருக்க வேண்டியவள் ஞானமேரி. அப்படியானால் சொன்னதும் அவள்தான்.

கூடை நிறைந்தது. தலையில் சும்மாடு வைத்து ஏற்றிக்கொண்டாள். வரப்பில் போகும்போது கூடையோடு தலை மேலும் கீழுமாக ஒரு தடவை அசைந்தது. உப்பு கொஞ்சம் சிந்தியது. பின்னால் வந்தவள் சத்தம் போட்டாள்.

"ஏய் ஞானமேரி, கூடைய வெச்சுக்கிட்டு யாருக்குடி தலைய ஆட்டுற?"

"என் பொண்ணுக்கு. ஆமான்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"அது தெரியல" என்றாள் ஞானமேரி. "இந்த மொகத்தோடயே போய் நின்னு அவளையே கேட்டாத்தான் தெரியும்."

"எங்க போய்?"

எதிரே காலிக்கூடையோடு ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். அந்த ஓரடி வரப்பில் வழக்கமாக ஒதுங்கி நிற்பது ஞானமேரிதான். இன்றைக்கு அவள் நிற்காமல் நேராக நடந்தாள்.